ஒன்பதாம் வகுப்பில் ஒரு இடம்

பட்டாசுக் கம்பெனி வேன் தாயில்பட்டி விலக்கில் திரும்பும்போது போர்மேன் மணிகண்டராஜ் முன் சீட்டிலிருந்து தலையைத் திருப்பி, "ஏ ராமுத்தாயி, ஏ பொன்மணி, ரெண்டு பேரும் மிட்டாய் வாங்கித் தரணும். ரெண்டு புள்ளைகளும் பாஸ்" என்றான். வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ராமுத்தாய் பக்கத்தில் இருந்த பொன்மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நம்ம புள்ளைகடி, நம்ம புள்ளைக" என்று கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள். பொன்மணியும் சிரித்தாள். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தவன்போல மணிகண்டராஜ் மீதியையும் சொன்னான். "ஆனா நம்ம கம்பெனிக்கு ஒரு இடந்தான். சனிக்கிழமை புள்ளைகளக் கூட்டிட்டு நேர்ல வரச் சொல்லிருக்காக. பேசிப் பாத்துட்டு ரெண்டுல ஒண்ண எடுப்பாக." பொன்மணி கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது. "மார்க்கு யாருக்குண்ணே கூட?" மணிகண்டராஜ் கண்ணால் ராமுத்தாயைக் காட்டினான்.

அந்தப் பள்ளிக்கூடம் மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது. சிவகாசி முதலாளிமார் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துவது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கேதான் படித்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு கம்பெனியிலும் வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, கம்பெனிக்கு ஒருவரை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு முடிகிறவரை விடுதி, சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்கத்து ஊரிலிருந்து அப்படிப் போன ஒரு பெண் இப்போது மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் லீவுக்கு வரும்போது அவளைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பதாகப் பேச்சு. மற்ற பிள்ளைகளுக்கு ஊரில் இருக்கும் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு பெரும்பாலும் இந்த வேன்தான்.

பொன்மணிக்கு வேனை நினைத்தால் ஒரு காட்சிதான் வரும். இரண்டு கோடைக்கு முன்னால் பக்கத்துக் கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. இவர்களையெல்லாம் வெளியே ஓடச் சொன்னார்கள். ஓடிப்போய் வேலி ஓரத்தில் நின்று பார்த்தபோது அந்த அறை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில், உள்ளே போனவர்கள் கழற்றிவிட்டுப் போன செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாக, ஒரு தூசி கலையாமல் கிடந்தன. அதில் ஒன்று பூப்போட்ட, சின்ன அளவுச் செருப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வாசலில் கிடந்த மகள் ஓவியாவின் செருப்பைத் தூக்கி உள்ளே வைத்தாள். அன்றிலிருந்து அதை வெளியே விட அவளுக்கு மனம் வரவில்லை. 'வேற என்னத்துக்கும் ஆசப்படலையே, இந்த ஒண்ணத்தானே கேக்குறேன்' என்று திரி செருகும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் ராமுத்தாயும் அதே சாமியிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ராமுத்தாய் அவளுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் சுடலை கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போய், நினைத்தால் வருகிற ஆள். மகள் கீர்த்திகாவை ஒற்றையாகவே வளர்த்தாள். பொன்மணிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அவள் புருஷன் மாரிக்கண்ணன் ஆஸ்பத்திரிக்கும் திருத்தங்கலில் லோடு ஏற்றும் வேலைக்குமாக அலைந்தான். ஓவியா அந்த ஒரு மாதமும் ராமுத்தாய் வீட்டில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். தலையில் பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியது ராமுத்தாய்தான். அந்த மாதத்தில்தான் ஒருநாள் சாயந்தரம், பாடம் எழுதிக்கொண்டிருந்த கீர்த்திகா அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளி விழுந்ததை ஓவியா பார்த்தாள். பொன்மணி வீடு திரும்பிய அன்றைக்கு ராமுத்தாயே வந்து, அவள் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வலிப்புடி. மதுரையில காமிச்சு மாத்திரை குடுத்திருக்காக. தவறாமத் தின்னா வராதுன்னுட்டாக. பொட்டப்புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? எனக்கும் எங்க மதினிக்கும் உனக்குந்தான் தெரியும்." மதினி என்றது சுடலையின் அக்கா முருகம்மாள். சிவகாசியில் முதலாளி வீட்டில் சமையல் வேலை பார்ப்பவள். மாதாமாதம் டவுனிலிருந்து மாத்திரை வாங்கி வருவதும் அவள்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் கீர்த்திகாவுக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அந்த வாரம் முழுக்க இரண்டு பிள்ளைகளும் பொன்மணி வீட்டில்தான் இருந்தார்கள். நேர்காணலில் இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, கீர்த்திகா ஓவியாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஓவியா திக்கினால், "அவசரப்படாத. மூச்ச விட்டுட்டு அடுத்ததச் சொல்லு" என்பாள். பொன்மணி அடுப்படியில் நின்று பார்த்தாள். ஒல்லியான பிள்ளை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. தன் இடத்துக்குப் போட்டியாக வரப்போகிறவளுக்குத் தானே சொல்லிக்கொடுக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாத முகம். "சித்தி, ஓவியா நல்லாச் சொல்றா" என்று இவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பொன்மணியால் தாங்க முடியவில்லை. கெட்ட பிள்ளையாக, திமிர் பிடித்த பிள்ளையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். மாரிக்கண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரெண்டுல எது போனாலும் நம்ம புள்ளதானே" என்றபோது, குழம்புச் சட்டியை டம்மென்று கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

சனிக்கிழமை நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ராமுத்தாய் நாலு பேருக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் தரை பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, கழற்றினார்கள். ஓவியாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

பொன்மணியும் கூடப் போனாள். உள்ளே மூன்று பேர். நடுவில் முதலாளி ஜெயச்சந்திரனின் மனைவி பொன்னுத்தங்கம். தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கும் அன்றைக்குத் தூரத்தில் பார்த்த முகம். பக்கத்தில் பார்க்கும்போது நல்ல மாதிரியாகத்தான் இருந்தது. ஓவியா கீர்த்திகா சொல்லிக்கொடுத்ததை மூச்சு விட்டு விட்டு, தப்பில்லாமல் சொன்னாள். கணக்கு ஒன்று கேட்டார்கள், பாதியில் நின்றுவிட்டாள். பொன்னுத்தங்கம் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எல்லாம் முடிந்தது என்று பொன்மணிக்குப் புரிந்தது. பொன்னுத்தங்கம் அவளிடம் திரும்பி, "விடுதியில விட்டுட்டு இருந்துருவியாம்மா? புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. காய்ச்சல்னுகூடப் படுத்ததில்ல."

"சந்தோசம். அடுத்து வர்ற புள்ளையும் உங்க ஊருதானே? தெரியுமா?"

பொன்மணி அந்த ஒரு நொடியைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். யோசித்தா சொன்னோம், யோசிக்காமலா? யோசிக்காமல் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் சொல்வதற்கு முன்னால் முந்தானையை இழுத்துத் தோளில் செருகிக்கொண்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"பக்கத்து வீடுதாம்மா. தங்கமான புள்ள. எம்புள்ளையவிட நல்லாப் படிக்கும்" என்றாள். குரல் அன்பாகத்தான் வந்தது. "மாத்திரைய மட்டும் வேளாவேளைக்குக் குடுத்துறணும். அத மட்டும் விடுதியில யாராச்சும் பாத்துக்கிட்டாப் போதும். மறந்துட்டாத்தான் கை கால் இழுத்துரும், பாவம்."

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேனாக்களும் நின்றன. "அப்படியா" என்றாள் பொன்னுத்தங்கம். ஓவியா அம்மாவைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்திகாவும் ராமுத்தாயும் உள்ளே போய் வெகுநேரம் ஆகவில்லை. வெளியே வந்த ராமுத்தாயின் முகம் பேயடித்த மாதிரி இருந்தது. விறுவிறுவென்று கேட்டைத் தாண்டி நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் திரும்பி, கீர்த்திகாவின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிள்ளையின் காதில் கிடந்த கம்மல் தெறித்து ரோட்டோரத்தில் விழுந்தது.

"ஆமான்னு எதுக்குடி சொன்ன?"

"கேட்டாகம்மா."

"கேட்டா? இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் இல்லன்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்கேன், நீ ஆமாங்குற. என்னையப் பொய்காரியாக்கிட்டு வந்து நிக்குற." மறுபடியும் கையை ஓங்கினாள். பொன்மணி ஓடிப்போய்த் தடுத்தாள். அந்த அடி அவள் தோளில் விழுந்தது. கீர்த்திகா அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, இடுப்புச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "விடுங்கக்கா, பச்சப்புள்ள" என்றாள் பொன்மணி. ராமுத்தாய் அப்படியே கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மா எடுத்த எடுப்புல, 'ஒம் மகளுக்கு வலிப்பு வருமாமே'ங்குதுடி. 'மருந்து மாத்திரை இல்லாம ரெண்டு வருசம் நல்லா இருந்துட்டு வரட்டும், பதினொண்ணாம் வகுப்புக்குப் பாப்பம்'னு சொல்லிருச்சு. யாருடி சொல்லிருப்பா? யாரு சொல்லிருப்பா?" ஓவியா குனிந்து ரோட்டோரப் புல்லில் கம்மலைத் தேடி எடுத்து, தூசியை ஊதிவிட்டு, கீர்த்திகாவின் கையில் வைத்தாள். புளிச்சோற்றை யாரும் தொடவில்லை.

ஊர் வந்து சேர்வதற்குள் ராமுத்தாய்க்கு விடை கிடைத்துவிட்டது. முதலாளி வீட்டு அடுப்படியில் நிற்கிறவள் வேறு யார்? அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் முருகம்மாள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். ராமுத்தாய் தெருவிலேயே அவளை மறித்தாள். "எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீகளே மதினி. பெத்திருந்தாத்தானே தெரியும் உங்களுக்கு" என்று ஊரே கேட்கக் கத்தினாள். பிள்ளை இல்லாத முருகம்மாள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கைப்பையைத் தரையில் போட்டாள். பிறகு சத்தியம் பண்ணினாள். தெரு மண்ணை அள்ளிச் சத்தியம் பண்ணினாள். வலிப்பு, மாத்திரை, மதுரை ஆஸ்பத்திரி என்று இரண்டு வருடமாகப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சண்டையில் தெரு முழுக்கக் கொட்டியது. வாசல்களில் ஆட்கள் நின்று கேட்டார்கள். ராமுத்தாய் திரும்பி, கூட்டத்தில் நின்ற பொன்மணியைக் கைநீட்டிக் கூப்பிட்டாள். "நீ சொல்லு பொன்மணி. இவுகள விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முருகம்மாளும் பார்த்தாள்.

"வேற யாருக்குக்கா தெரியும்" என்றாள் பொன்மணி.

மறுநாள் காலையில் ஓவியாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, பிள்ளை எதையாவது கேட்கும் என்று பொன்மணி காத்திருந்தாள். திட்டட்டும், அழட்டும், நான் போக மாட்டேன் என்று சொல்லட்டும் என்றிருந்தது. சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யோசித்தும் வைத்திருந்தாள்: உனக்காகத்தான்டி. ஓவியா, "அம்மா, கீர்த்திகா எதுவும் கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சரி."

அவ்வளவுதான். சடைக்கு ரிப்பனை எடுத்துப் பின்னால் நீட்டினாள். பொன்மணி அதை வாங்காமல் பிள்ளையின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் மாதம் ஓவியா விடுதிக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கீர்த்திகாவும் வந்தாள். அதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் அம்மா வந்து சத்தம் போட்டாளாம். கீர்த்திகா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நல்லதுதான் சித்தி, எழுத எடம் தாராளமா இருக்கு." பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "கணக்குக் கேள்வித்தாள் மட்டும் எனக்குச் சொல்லு, என்ன?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து ஓவியா போன் பேசுவாள். கீர்த்திகா சரியாக அந்த நேரத்துக்கு வந்து வாசலில் நிற்பாள். முதல் இரண்டு வாரம் பேசினார்கள். அங்கே நீச்சல்குளம் இருப்பதையும், எல்லாரும் கட்டாயம் இறங்க வேண்டும் என்பதையும் ஓவியா அப்போதுதான் சொன்னாள். மூன்றாவது வாரம், "படிக்க நெறைய இருக்கு, அடுத்த வாரம் பேசுறேன்னு சொல்லும்மா" என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். பொன்மணி போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். கீர்த்திகா, "பரவால்ல சித்தி" என்று போய்விடுவாள்.

ராமுத்தாய் மாத்திரையை நிறுத்தியது பொன்மணிக்கு ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. நிமிர்ந்து பேச நேரமில்லை. திரியைச் செருகிக்கொண்டே ராமுத்தாய் ரகசியம் மாதிரிச் சொன்னாள். "பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு நிப்பாட்டுனேன். மதினிட்டக் கேட்டு நிக்கவா முடியும்? அந்தம்மாதான் சொல்லுச்சுல்ல, மாத்திரை இல்லாம ரெண்டு வருசம்னு. ஒம்பது, பத்து. சரியா இருக்கும். இப்பப் பாரு, ஒண்ணும் வரல."

பொன்மணியின் கை நின்றது. "டாக்டர்ட்டக் கேட்டீகளாக்கா?"

ராமுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "நீயுமா? எம்புள்ளைக்கு நோவு தீந்துருச்சுன்னா ஒருத்திக்கும் ஒப்பல." கொஞ்ச நேரம் கழித்து அவளே இறங்கி வந்தாள். "கோவிச்சுக்கிராத. எனக்கு ஒன்ன விட்டா யாருடி இருக்கா?" அதற்குப் பிறகு பொன்மணி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் முருகம்மாள் அவளைப் பார்த்து நேராக வந்தாள். கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய மாத்திரை அட்டைகளை எடுத்து, பொன்மணியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நிப்பாட்டிட்டாளாம். ஒரேயடியா நிப்பாட்டுனா முன்னவிட மோசமா வரும்னு டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். நான் குடுத்தா வாங்க மாட்டா. நீ குடு." பொன்மணி வாயைத் திறந்தாள். முருகம்மாள் தடுத்தாள். "நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒம் மூஞ்சிலயே இருந்துச்சு. நான் சொல்ல மாட்டேன். சொன்னா அவளுக்கு நீயும் இல்லாமப் போயிருவ." திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மாத்திரைகளைப் பொன்மணி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். எங்கிருந்து கிடைத்தது என்று ராமுத்தாய் கேட்பாள். முருகம்மாள் என்றால், அவளோடு உனக்கென்ன பேச்சு என்பாள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று பொன்மணிக்குத் தெரியும். நாளைக்குக் கொடுக்கலாம், சீசன் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று ஒத்திப்போட்டாள். அரிசி அளக்கும்போது காகிதம் கையில் படும். இன்னும் கொஞ்சம் ஆழத்தில் அமுக்கிவிட்டு மூடுவாள்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த வருடம் நல்ல மழை. கண்மாய்க்குக் கீழே இருந்த தோட்டத்துக் கிணறு, கைநீட்டித் தண்ணீர் அள்ளுகிற உயரத்துக்கு நிறைந்திருந்தது. ஒரு சனிக்கிழமை பத்து மணி வெயிலில் பொன்மணி போர்வைகளை அலசலாம் என்று வாளியோடு போனாள். கிணற்று மேட்டில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம், மோட்டார் ரூமின் மேல்தளத்தில், பழைய சுடிதாரோடு சொட்டச் சொட்ட நனைந்து கீர்த்திகா நின்றாள். கிணற்றுப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளை.

"வாடி" என்றாள் ராமுத்தாய். இத்தனை மாதங்களில் அவள் முகம் அப்படித் தெளிந்து பொன்மணி பார்த்ததில்லை. "ஒரு வாரமாப் பழகுறா. மீன் மாதிரி போறா பாரு. அங்கன போயி நீச்சல் தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. எம்புட்டு மாசம் ஆச்சு, ஒரு தடவ வரலையே. நல்லாயிருச்சுடி எம்புள்ளைக்கு."

"கீழ எறங்கி இங்கிட்டு வரச் சொல்லுங்கக்கா" என்றாள் பொன்மணி.

"எதுக்கு?"

பொன்மணி வாளியைக் கீழே வைத்தாள்.

"சித்தி, இங்க பாருங்க" என்று மேலிருந்து கீர்த்திகா கத்தினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கிக் குதித்தாள். தண்ணீர் எழும்பி இரண்டு பேர் மீதும் தெறித்தது. ராமுத்தாய் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துவிட்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுக்கலாம், ஓவியாவிடம் கேட்டுச் சொல்கிறாயா என்று பேச ஆரம்பித்தாள். பொன்மணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கிய பச்சைத் தண்ணீரில் கொப்புளங்கள் வந்தன, உடைந்தன, பிறகு வருவது நின்றது. வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கல்சுவரில் மோதித் திரும்பி, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தன.